தினமும் 10 மைல் நடந்த மாணவர்

1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி.

பம்பாய்த் துறைமுகத்தில் இருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் 18 வயது வாலிபர் ஒருவர் இருந்தார். சட்டம் படிக்க லண்டனுக்குப் போகிறார். "இறைச்சி தொடமாட்டேன், மது குடிக்கமாட்டேன்" என்று தாயாரிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

அவர்தான் மோகன்தாஸ் காந்தி!

மறுநாள் செப்டம்பர் 5-ந் தேதி. திருத்தணியில் ஒரு குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் ஜனாதிபதி ஆன டாக்டர் ராதாகிருஷ்ணன்தான் அந்தக் குழந்தை. அவரும் சீமைக்குப் போனார். படிக்க அல்ல, ஆக்ஸ்போர்டில் பாடம் சொல்லிக் கொடுக்க!

திருத்தணி மலைக்கு 365 படிகள். காவடி தூக்கிக்கொண்டு கால்நடையாக வரும் பக்தர்களுக்குக் குறைவு இல்லை. பக்கத்தில் அம்மையார்குப்பம். தறிச் சத்தம் கேட்கும் நெசவாளர் ஊர். தமிழும் தெலுங்கும் சேர்ந்து ஒலிக்கும் எல்லைப்புறம் இது. ஓர் அடிகூட நடக்காமல் வேறு மாநிலத்துக்கு வந்த வட்டாரமும் இதுதான். ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்த திருத்தணி, 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது.

இந்த ஊர்ப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண், மேல்படிப்புக்கு லண்டன் போவதாக வைத்துக்கொள்வோம். அவளுக்கு என்ன செலவு? அந்தச் செலவில் எது மிச்சம் ஆகும்?

பவுன் கணக்கு

2024-ம் ஆண்டு நிலவரப்படி, வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவில் மட்டும் 2023-24 கல்வி ஆண்டில் 3,31,602 பேர்.

ஆனால் கதவுகள் முன்போல் அகலமாகத் திறந்து இல்லை. மாணவர் கையில் இருக்கவேண்டிய பணத்தைக் கனடா அரசு ஒரே அடியாக இரட்டிப்பு ஆக்கியது. 10 ஆயிரம் டாலராக இருந்தது, 2024-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் 20,635 டாலர் ஆனது. அதே மாதம், மாணவர் அனுமதியின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது.

இங்கிலாந்து என்ன செய்தது? லண்டனில் படிக்க வருகிறவர் மாதம் 1,483 பவுன் வீதம் 9 மாதச் செலவுக்குப் பணம் காட்டவேண்டும் என்று 2025 ஜனவரியில் விதித்தது.

பவுன் என்றதும் தங்கம் என்று நினைக்கவேண்டாம். அது அந்த நாட்டு நாணயம். ஆனால் அந்தப் பவுனைக் காட்டுவதற்காக இந்தப் பவுனை அடகு வைக்கும் தாய்மார்கள் நம் ஊரில் உண்டு.

இப்படிக் கடன் பட்டுப் போகிற பிள்ளை, போன முதல் வாரத்திலேயே வழிச் செலவைப் பார்த்துத் திகைக்கிறது. 2025-ம் ஆண்டில் லண்டன் பஸ்சில் ஒரு தடவை ஏறினால் 1 பவுன் 75 பென்ஸ். போக ஒன்று, வர ஒன்று. மாதத்தில் 22 நாள் கல்லூரி என்றால் 77 பவுன். நம் பணத்தில் 8 ஆயிரம் ரூபாய்க்கு மேல்!

காந்தி போட்ட கணக்கு

லண்டன் போன புதிதில் காந்தியும் நிறையத்தான் செலவு செய்தார். ஒரு குடும்பத்தோடு தங்கினார். எங்கே போனாலும் வண்டியில் போனார். ஒரு காசு செலவானாலும் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகை எல்லாம் நோட்டில் ஏறின. இரவு படுக்கும் முன்பு கணக்கு முடித்தார். அந்த நோட்டுதான் அவர் கண்ணைத் திறந்தது.

தனியாக அறை எடுத்தார். எப்படிப்பட்ட அறை? வேலை உள்ள இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்து போகக்கூடிய அறை! வேலை மாறினால் அறையையும் மாற்றினார். தினமும் 8 மைல், 10 மைல் நடை. பின்னர் செலவை இன்னும் சுருக்கி, ஒரே அறையில் அடுப்பு வைத்துக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தானே காய்ச்சிக்கொண்டார். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் 3 பென்சில் முடித்தார். இங்கிலாந்தில் இருந்த காலம் முழுவதும் பெரிய நோய் எதுவும் வராததற்கு அந்த நடைதான் காரணம் என்று சுயசரிதையில் எழுதி இருக்கிறார்.

இன்றைக்குப் பல மாணவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. வாடகை குறைவு என்று ஊர்க் கோடியில் அறை எடுக்கிறார்கள். மிச்சம் பிடித்த வாடகையை பஸ்சுக்கும் ரெயிலுக்கும் கொடுக்கிறார்கள். போகவர 2 மணி நேரமும் போய்விடுகிறது. ஏஜெண்டு காட்டும் படத்தில் கல்லூரிக் கட்டடம் பளபளவென்று இருக்கும். அறையில் இருந்து அதற்கு எத்தனை நிமிட நடை என்று அதில் இருக்காது. பணம் கட்டும் முன்பு பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

பசியோடு தேடினார்

காந்தியின் நடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வயிறு!

சத்தியம் செய்து வந்தவருக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்கவில்லை. நகரத்தில் சைவ ஓட்டல்கள் இருப்பதாக, தங்கியிருந்த வீட்டு அம்மாள் சொன்னார். காந்தி தேடிப் புறப்பட்டார். தினமும் 10, 12 மைல் அலைந்தார். வழியில் மலிவான கடைகளில் ரொட்டி தின்றார். வயிறு நிறைந்தது, மனம் நிறையவில்லை.

ஒரு நாள் பாரிங்டன் தெருவில் போனபோது, கண் எதிரே சைவ ஓட்டல்! வாசல் அருகே கண்ணாடிக்குள் விற்பனைக்குப் புத்தகங்கள். சைவ உணவை ஆதரித்து சால்ட் என்பவர் எழுதிய புத்தகத்தை 1 ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்து வந்த பிறகு அன்றுதான் மனம் நிறையச் சாப்பிட்டார். அந்தப் புத்தகம் அவரைச் சைவ உணவு சங்கத்தாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நண்பர்கள் கிடைத்தார்கள். சங்கத்தின் பத்திரிகையிலும் எழுதினார். வண்டிக்குள் உட்கார்ந்து போயிருந்தால் அந்த ஓட்டல் கண்ணில் பட்டிருக்குமா?

இன்று கைபேசி வரைபடம் வழி காட்டுகிறது. ஆனால் அது காட்டுவது பெரும்பாலும் குறுக்கு வழி; வெளிச்சம் உள்ள வழி என்று சொல்லமுடியாது. டிசம்பர் மாதத்தில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பகுதிநேர வேலை முடிந்து இரவில் திரும்பும் பெண், பெரிய சாலையை விட்டு இறங்கக்கூடாது. அந்த நேரத்தில் பஸ் கட்டணம் வீண் செலவு அல்ல.

சாலையைக் கடப்பதும் ஒரு பாடம். இங்கிலாந்தில் நம் ஊர்போல வண்டிகள் இடது பக்கம் போகும். அமெரிக்கா, கனடா, ஜெர்மனியில் வலது பக்கம். அங்கே முதலில் இடது பக்கம் பார்க்கவேண்டும். ஜெர்மனியில் சிவப்பு விளக்கு எரியும்போது நடந்து கடந்தால் 5 ஈரோ அபராதம்! கனடாவின் பனிக்காலத்தில், ஈரம்போலத் தெரியும் இடம் உறைந்த பனியாக இருக்கும். நம் ஊர்ச் செருப்போடு போனால் விழவேண்டியதுதான்.

நடப்பவர்களுக்காக லண்டன் தெருக்களில் வரைபடப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். 5 நிமிடத்தில் எதுவரை போகலாம், 15 நிமிடத்தில் எதுவரை போகலாம் என்று அதில் வட்டம் போட்டுக் காட்டியிருக்கும்.

அங்கே கோவண்ட் கார்டன், லெஸ்டர் ஸ்கொயர் என்று அடுத்தடுத்து இரண்டு சுரங்க ரெயில் நிலையங்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே சுமார் 260 மீட்டர்தான். அதற்கும் காசு கொடுத்து ரெயில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்!