சராசரியில் தெரியாத வேகம்

வேகத்தடை கேட்டு மனு கொடுக்கும் தெருக்காரர்களுக்கு, "ரேடார் வைத்துப் பார்த்தோம், உங்கள் சாலையில் சராசரி வேகம் மணிக்கு 26 கிலோமீட்டர்தான்" என்று ஒரு பதில் வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த எண் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அதைக் கேட்டு யாரும் நிம்மதியாக வீடு திரும்பக் கூடாது என்பதே என் கட்சி.

ஒரு கணக்குப் போடுவோம். காலை 8 முதல் 9 மணிக்குள் 900 வண்டிகள், நெரிசலில் சிக்கி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கின்றன. இரவு 11 மணிக்கு மேல் 100 வண்டிகள், காலிச் சாலையில் 80-ல் பறக்கின்றன. மொத்தத்துக்கும் சராசரி எடுத்தால் 26 வருகிறது. சாலைப் பொறியாளர்கள் இதைவிடப் பெரிதும் நம்பும் எண் ஒன்று உண்டு: நூற்றுக்கு 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் அடங்குகின்றன என்று பார்ப்பது. வேக வரம்பை அதைக்கொண்டு நிர்ணயிக்கலாம் என்றுதான் நம் பொறியியல் பாடநூல்களும் சொல்கின்றன. மேலே சொன்ன கணக்கில் அந்த எண் வெறும் 20! இரவில் 80-ல் வரும் நூறு வண்டிகள் இரண்டிலுமே காணாமல் போய்விட்டன. இரவுப் பணி முடிந்து அந்தச் சாலையைக் கடக்கிற நர்ஸுக்கு எமன் அந்த நூறில்தான் இருக்கிறான்.

85 கணக்கில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. எல்லோரும் வேகமாக ஓட்டினால் வரம்பும் கூடவே ஏறும். அதாவது, வரம்பை மீறுகிறவர்களே வரம்பை எழுதுகிறார்கள். இந்தக் கணக்கை நெடுங்காலமாகப் பிடித்துக்கொண்டிருந்த அமெரிக்காவிலேயே, 2023 டிசம்பரில் வெளியான, சாலைப் போக்குவரத்துக்கான தேசியக் கையேடு நடப்பவர்களையும் சுற்றியுள்ள இடத்தையும் விபத்துகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். ரேடார் அனுப்பும் நுண்ணலை வண்டியில் மோதித் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து வேகம் தெரிகிறது. 24 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 44 ஹெர்ட்ஸ் மாற்றம். மாட்டுகிற விதத்தில்தான் வம்பு. வண்டி வரும் திசைக்கு 20 டிகிரி விலகி நிறுத்திவிட்டு, அதற்கான திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், 60-ல் வரும் வண்டி 56 என்று பதிவாகும். சாலையோரம் நிற்கும் பெட்டிக்கு, பஸ்ஸின் மறைவில் போகும் டூவீலர் தெரியாமலே போகலாம்.

வண்டி எண்ணிக்கையையும் தனியாக நம்பக் கூடாது. மணிக்கு 300 வண்டிகள் என்றால் சாலை காற்றாடுகிறது என்று தோன்றும். நகரவே முடியாத நெரிசலிலும் அதே 300 வரும். பக்கத்தில் வேகம் எழுதப்படாத எண்ணிக்கையால் பயன் இல்லை. அந்த 300 என்பது வண்டிகளின் எண்ணிக்கையா, எல்லா வண்டிகளையும் கார்களாக மாற்றிப் போட்ட கார் அலகா என்பதையும் கேட்க வேண்டும். ஊர்ப்புறச் சாலைகளுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் தந்த கணக்கில் பஸ் 3 கார்களுக்குச் சமம், பைக் 0.5, மாட்டுவண்டி 8.

இத்தனை எண்களிலும் நடந்து போகிறவர் ஒருவர்கூட இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. கார் மோதினால் சாகப்போவது அவர்தான். மோதும் வேகம் 50-லிருந்து 65 ஆனால், அவர் இறக்கும் அபாயம் 4.5 மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சென்னையில் 2023 நவம்பர் முதல் குடியிருப்புப் பகுதிகளுக்கு வரம்பு 30. உங்கள் தெருவில் மணிக்கு மணி எத்தனை வண்டிகள் வந்தன, அவற்றில் எத்தனை வரம்பைத் தாண்டின என்ற அட்டவணையைக் கேளுங்கள். கருவி எந்த இடத்தில், எந்தத் தேதிகளில் இருந்தது, அப்போது பள்ளி விடுமுறையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்; 30 நாளில் பதில் தர வேண்டும். சராசரியை மட்டும் அனுப்பினால் மேல்முறையீடு செய்யுங்கள்.