ஹைட்ரஜனும் நாஞ்சில் நாட்டுக் குப்பையும்

2023-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 24-ந் தேதி, சந்திரயான்-3 கலத்தை ஏற்றிச் செல்லவிருந்த ராக்கெட்டின் மேலடுக்கு எஞ்சின் மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ நிலையத்தில் பரீட்சிக்கப்பட்டது. பூஜ்யத்துக்குக் கீழ் 253 டிகிரிக் குளிரில் திரவமாக நிற்கும் ஹைட்ரஜனே அவ்வெஞ்சினின் எரிபொருள். அம்மலைக்கு இப்புறம் நாகர்கோவிலில், வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் புகைந்து சுற்றுப்புற ஜனங்களை மூச்சுத் திணற வைத்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். மலைக்கு அப்பால் எரியும் வாயுவை மலைக்கு இப்பால் கிடக்கும் குப்பையிலிருந்தே எடுக்க முடியுமா? முடியும் என்று ரசாயன சாஸ்திரம் சொல்லுகிறது. இன்று பல தேசத்துச் சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சி மாணாக்கர்கள் இதனையே தங்கள் பட்டத்துக்குரிய விஷயமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் அதற்குச் 'சுத்தமான ஹைட்ரஜன்' என்று பெயர் சூட்டுவதற்கு முன்னர் கணக்குப் பார்க்க வேண்டியது அவசியமென்பது நமது அபிப்பிராயம்.

முறை இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வோம். உலர்ந்த தாவரக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் காற்றுப் புகாத கலத்தில் 500, 600 டிகிரி வரை சூடேற்றினால் அவை எரியாமல் ஆவியாகச் சிதைகின்றன. அந்த ஆவியை இரண்டாவது கலத்தில் நீராவியுடன் கலந்து, சுமார் 800 டிகிரி உஷ்ணத்தில், நிக்கல் போன்ற கிரியா ஊக்கியின் மீது செலுத்தினால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்ஸைடும் பிறக்கின்றன. பாலிதீனின் எடையில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு ஹைட்ரஜன். உலர்ந்த மரத்தில் ஆறு பங்கே உண்டு. மீதி ஹைட்ரஜன் நீராவியிலிருந்து வருவது. கேட்பதற்கு எளிதாயிருப்பினும் நடைமுறையில் இடையூறுகள் பல. தாரும் கரியும் ஊக்கியின் மீது படிந்து அதைச் செயலற்றதாக்கும். பி.வி.ஸி. பிளாஸ்டிக்கில் பாதிக்கு மேல் குளோரின். அது அமிலமாக மாறி யந்திரத்தை அரிக்கும். மாணாக்கர்கள் வருஷக் கணக்கில் பாடுபடுவது இவ்விடையூறுகளை நீக்குவதற்கே.

இது வெறுங் கனவன்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் எஸ். தாசப்பா குழுவினர் ஒரு கிலோ தாவரப் பொருளிலிருந்து 100 கிராம் ஹைட்ரஜன் எடுக்கும் முறையை வகுத்து 2022-ல் வெளியிட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர். வினு குழுவினர் தாவரப் பொருளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் சிதைக்கும் விதத்தை ஆராய்ந்திருக்கின்றனர். ஜப்பானில் கவஸாகி நகரத்துத் தொழிற்சாலை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 195 டன் பிளாஸ்டிக் கழிவை வாயுவாக்கும் அளவில் 2003-ல் தொடங்கப்பட்டது. அதில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெரும்பாலும் அமோனியா செய்யப் பயன்படுகிறது. ஆனால் அங்கே வீடுதோறும் பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் முன்னதாகவே சட்டத்தினால் ஏற்பட்டது என்பதை மறக்கலாகாது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ ஹைட்ரஜன் உற்பத்தியில் வெளியாகும் கரியமில வாயு இரண்டு கிலோவுக்கு மேற்படாதிருந்தால்தான் அது 'பசுமை ஹைட்ரஜன்' என்று 2023 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் விதித்தது. தாவரத்திலிருந்து எடுப்பதையும் அவ்விதி ஏற்றுக்கொள்கிறது. தாவரம் வெளியிடும் கரியமில வாயு அது சமீபத்தில் காற்றிலிருந்து உட்கொண்டதேயாதலால் இது நியாயமே. பிளாஸ்டிக்கோ பெட்ரோலியத்தின் பிள்ளை. அதிலுள்ள கரி பல கோடி வருஷங்களாகப் பூமிக்கடியில் கிடந்தது. பாலிதீனை முழுவதும் நீராவியால் மாற்றினால், ரசாயனச் சமன்பாட்டின்படி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 7.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். இயற்கை வாயுவிலிருந்து எடுத்தால் அதே சமன்பாட்டுக் கணக்கில் 5.5 கிலோதான்! தாவரக் கழிவோடு ஐந்தில் ஒரு பங்கு பாலிதீனைக் கலந்து, முழு விளைச்சலும் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலுங்கூட, இரண்டு கிலோ என்ற வரம்பு கடந்துபோகும். கலத்தைச் சூடேற்றும் செலவை இக்கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை.

கிடங்கில் எரிந்து போகும் பிளாஸ்டிக் எப்படியும் அதே கரியமில வாயுவைத்தானே வெளியிடுகிறது, அதில் ஹைட்ரஜன் கிடைப்பது லாபந்தானே என்று எதிர்வாதம் செய்யலாம். எரியும் பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை இவ்வாதம் சரி. திறந்த வெளிப் புகையைக் காட்டிலும் மூடிய கலம் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மறுபடியும் உருக்கி உபயோகிக்கக்கூடிய பிளாஸ்டிக்குக்கோ, செய்யாமலே விட்டிருக்கக்கூடிய பைக்கோ இவ்வாதம் செல்லாது. ஆகவே, 'குப்பையை ஒழிக்க ஒரு வழி' என்ற பெயரில் இவ்வாராய்ச்சி வரட்டும், வரவேற்போம். கரியமில வாயுவைப் பிடித்து அடக்கும் ஏற்பாடு இல்லாமல் 'சுத்தமானது' என்ற முத்திரையை மட்டும் கேட்க வேண்டாம்.

நாஞ்சில் நாட்டுக்கு இதில் ஒரு விசேஷ அக்கறை உண்டு. இந்த ஜில்லாவில் ஸ்ரீ ராஜேந்திர ரத்னூ கலெக்டராயிருந்த காலத்தில், ராஜ்யம் முழுவதற்கும் 2019 ஜனவரி 1-ந் தேதி தடை வருவதற்குப் பல வருஷங்கள் முன்னரே, பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஜனங்கள் துணிப்பைக்குத் திரும்பியதும், சேர்த்த பிளாஸ்டிக்கைத் தாருடன் கலந்து சாலை போட்டதும் வெளியூரார் பாராட்டிய செய்திகள். நாளை ஓர் உலை வந்து, அவ்வுலைக்குத் தினந்தோறும் தீனி வேண்டுமென்ற நிலை ஏற்பட்டால், இத்தடையைத் தளர்த்தச் சொல்லும் குரலும் கூடவே எழும். உலைக்காகக் குப்பை என்ற விபரீதத்துக்கு நாம் ஒருகாலும் இணங்கலாகாது.

தாவரக் கழிவு விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் தேங்காய்ச் சிரட்டையும் கதம்பையும் வைக்கோலும் 'கழிவு' என்றே எழுதப்படுகின்றன. இங்கோ சிரட்டை கரிக்குப் போகிறது. கதம்பை கயிற்றுக்குப் போகிறது. வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. இவற்றை உலைக்கு இழுத்தால் ஏழையின் பிழைப்பில் கை வைப்பதாகும். உண்மையில் மிஞ்சுவது வேறு. குலை வெட்டிய வாழைத்தண்டு. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், உலர்த்துவதற்கே பெருஞ் செலவு. தோவாளைச் சந்தையில் விலை போகாத பூ. குளச்சல், முட்டம் கடற்கரைகளில் கிழிந்து ஒதுங்கும் நைலான் வலை. அதில் நைட்ரஜன் உண்டு, தனிப் பக்குவம் வேண்டும். இவை வெளிநாட்டுச் சோதனைச்சாலை எதுவும் நமக்காகத் தீர்த்துத் தரப்போகிற பிரச்னைகளல்ல. நமது கோணம் பொறியியற் கலாசாலையும், மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலையும் போன்ற ஸ்தாபனங்களில் படிக்கும் பிள்ளைகளே தீர்க்க வேண்டியவை.

அவர்களுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? 2023 ஜனவரி 4-ந் தேதி மத்திய மந்திரி சபை அங்கீகரித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் தொகை 19,744 கோடி ரூபாய். அதில் ஆராய்ச்சிக்கு ஒதுக்கியது 400 கோடி, நூற்றுக்கு இரண்டு. தேசியத் தேர்வில் முன்னணியில் தேறிய மாணாக்கருக்கு மாதம் 37,000 ரூபாய் உபகாரச் சம்பளம் உண்டு. அவ்விடம் கிட்டாதவர்களுக்கு மத்திய சர்வகலாசாலைகளில் ஏற்பட்டுள்ள சிறு தொகையும் ராஜ்ய சர்வகலாசாலைகளுக்குப் பொருந்துவதன்று. ஊக்கியும் உலையும் வாங்க வேண்டிய மாணாக்கன் தன் சாப்பாட்டுக்கே டியூஷன் சொல்லிக் கொடுத்துத் திரிந்தால் ஆராய்ச்சி எங்ஙனம் நடக்கும்?

ஆதலின் சர்க்காருக்கு நாம் சொல்வது இது. அந்த 400 கோடியில் ஒரு பங்கு ராஜ்ய சர்வகலாசாலைகளைச் சேரட்டும். இந்த ஜில்லாவில் எக்காலத்தில் எக்கழிவு எவ்வளவு உண்மையில் மிஞ்சுகிறது என்று முதலில் அளக்கட்டும். பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆராய்ச்சியும் உஷ்ணச் செலவும் கரியமில வாயுக் கணக்கும் சேர்த்தே வெளியிடப்படட்டும். மறுபடி உருக்க உதவாத பிளாஸ்டிக் மட்டுமே உலைக்குப் போகட்டும். இவ்வளவும் செய்த பின் கணக்கு நேராக வந்தால், 'சுத்தமானது' என்ற பெயரை நாமே முன்வந்து சூட்டுவோம். அதுவரை பெயரைக் காட்டிலும் கணக்கே பெரிது.