மலையமான் நாட்டில் மிதிவண்டிச் செலவு

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் போதல் என்பது பொருள். இக்காலத்தார் அதனைக் கைப்பொருள் ஒழிதற்கே வழங்குகின்றனர். நம் மாணவர் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் உல்லாசப் பயணம் இவ்விரண்டனுள் பின்னதற்கே பெரிதும் பொருந்துவதாகும். நள்ளிரவிற் பேருந்தேறி, ஒலிபெருக்கியின் ஆரவாரத்தில் உறங்காது கிடந்து, விடியலில் உதகையில் இறங்கிப் பூங்காவொன்றைக் கண்டு, நிழற்படம் பல எடுத்து, மறுநாள் நள்ளிரவில் வந்திறங்குவதை யாத்திரை என்று சொல்ல என் மனம் ஒருப்படவில்லை. வழியிடைப்பட்ட ஊர்களின் பெயரையேனும் அறிந்து வந்தார் நம்முள் எவர்?

வடவைரோப்பிய நாடுகளில் மாணவர் விடுமுறை வந்தவுடன் மிதிவண்டியேறி ஊர்தோறும் கோட்டைதோறும் சென்று வருதல் பெருவழக்கு. அதற்கு அவர்தம் செல்வமே காரணம் என்பாருளர். அது முற்றும் பொருந்தாது. செருமனி நாட்டில் ரிச்சர்டு ஷிர்மான் என்னும் பள்ளியாசிரியர் 1909ஆம் ஆண்டில் தம் மாணாக்கரோடு நடைப்பயணம் போனபொழுது, பெருமழையில் அகப்பட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் இராத்தங்கினார். விடுமுறையில் வெறிதே கிடக்கும் பள்ளிக்கூடங்கள் வழிச்செல்லும் பிள்ளைகளுக்கு விடுதியாகலாமே என்னும் எண்ணம் அவ்விரவில் அவர்க்குத் தோன்றிற்று. பின்னர் ஆல்ட்டெனா என்னும் ஊரின் பழங்கோட்டையிலேயே அத்தகைய விடுதியொன்று அமைந்தது. சிற்றரசர் வாழ்ந்த கோட்டை, கையிற் காசில்லாப் பிள்ளைகள் துயிலும் இடமாயிற்று. கோட்டையும் மிதிவண்டியும் நம்மிடத்தும் உள்ளன, அவ்விடுதியொன்றே இல்லை.

நம் நண்பருட் பலர் ஹாம்லத் நாடகத்தைக் கற்றமையால், தென்மார்க்கிலுள்ள குரோன்போர்க் அரண்மனையை அறிவர். கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் நிற்கும் தியாகதுருக்கம் கோட்டையின் வரலாற்றைக் கேட்டால் விழிப்பர். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த அக்கோட்டை, புதுச்சேரி வீழ்ந்த 1761ஆம் ஆண்டிலே நீண்ட முற்றுகைக்குப் பின்னரே ஆங்கிலேயர் கைப்பட்டது. 1790இல் திப்பு சுல்தானின் படை அதனைத் தாக்கியும் கொள்ளமாட்டாது மீண்டது. முன்னர் வந்தவாசியில் ஐதரலியின் படையை எதிர்த்து நின்ற பிளிண்டு என்பவரே அப்பொழுது இங்கும் காவலராயிருந்தார். செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டில் மராட்டியரின் படைநிலக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிற்று. அது மகிழத்தக்கதே. ஆயினும் பட்டியலேறாத கோட்டையைப் பார்க்கலாகாது என்று விதியொன்றுமில்லையே!

நிற்க. தியாகதுருக்கத்தினின்று ரிஷிவந்தியத்தின் வழியாகத் திருக்கோவலூர் செல்லும் பாதையே இச்செலவின் உயிர்நிலை என்பேன். மலையமான் திருமுடிக்காரியின் ஊர் அது. பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று என வழங்கும் பாறையொன்று நிற்கின்றது. புறநானூற்றுக் கொளுவோ, பாரி மகளிரைப் பார்ப்பாரிடத்து ஒப்புவித்துக் கபிலர் வடக்கிருந்தார் என்னும். அவ்வூர் வீரட்டானக் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ, பாரி மகளை மலையனுக்கு அளித்துத் தீப்புகுந்தார் என்னும். பார்ப்பார்க்கோ மலையனுக்கோ? உண்ணாநோன்போ தீயோ? வகுப்பறையில் இவ்வினா தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண்ணோடு முடிந்துபோம். மணலிற் கால்புதைய நடந்து அப்பாறையின் அடியில் நின்று பார்ப்பவர்க்கு அது எளிதில் முடியாது. நண்பனை இழந்த முதுபுலவன் ஒருவன் இவ்விடத்தே தன் வாழ்நாளை முடித்தான் என்பதில் ஏடும் கல்லும் மாறுபடவில்லை. முடித்த வகையிலேயே மாறுபடுகின்றன. ஏட்டையும் கல்லையும் ஒருசேர வைத்து ஆராயும் பழக்கம் இத்தகைய இடங்களிலன்றி வேறெங்கே தொடங்கும்?

இனிக் கல்வராயன் மலை. கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் மிதிவண்டியை மிதித்தேறுதல் வீரம், இறங்குதல் பேதைமை. பிரேக்குக் கட்டை தேய்ந்த வண்டியோடு கொண்டையூசி வளைவுகளில் இறங்குவாரை நான் ஆதரியேன். அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறுக; மலைமேல் நடந்து செல்க. அங்கு வாழும் மலையாளி மக்கள் தமிழரே. மலையை ஆளுவோர் என்பதே அப்பெயர்க்குப் பொருள், கேரள நாட்டாரன்று. சாமையும் மரவள்ளியும் விளைக்கும் அவர்கள், 1976ஆம் ஆண்டு வரையில் மூன்று சாகீர்தார்களின் ஆட்சிக்குட்பட்டிருந்தனர். அவர் வாயிலில் நின்று கேளாமலே நிழற்படம் எடுப்பதற்கு நாம் போகவேண்டியதில்லை.

இதனை நான் இத்துணை வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் பெயரைக் கேட்டவுடன் வெளியூரார் நினைப்பது, 2024 சூன் திங்களில் அறுபதின்மேற்பட்டோர் உயிரைக் குடித்த நச்சுச்சாராயத்தையே. அத்துயரை மறைத்தல் ஆகாது. ஆனால் அதுவொன்றே நம் ஊரின் வரலாறு என்று பிறர் சொல்லும்போது, மறுத்துரைக்க நமக்கு எது தெரியும்?

நெடுஞ்சாலையில் சரக்குந்துகள் விரைதலின் இடர் மிக்கது என்று பெற்றோர் கூறுவர். உண்மையே. ஆதலின் சேலம் உளுந்தூர்ப்பேட்டைச் சாலையை இயன்றமட்டும் ஒதுக்கி ஊர்ச்சாலைகளிற் செல்லவேண்டும். தைத் திங்களில், வெயில் ஏறுமுன் செல்லவேண்டும். மாணவியரை விலக்கல் வேண்டுமென்பாரை மட்டும் நான் உடன்படேன். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் அளித்த மிதிவண்டியில் நாடோறும் பள்ளிக்கு மிதித்துச் சென்றவர்கள் அவர்களே; நம்மினும் நன்றாகவே மிதிப்பர்.

மூன்று நாளைக்கு வண்டி நம்முடையது, உணவு கட்டுச்சோறு. நால்வருக்கொரு காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் பசையும் போதும். இரவில் தங்க மட்டும் இடம் வேண்டும். ரிஷிவந்தியத்திலும் திருக்கோவலூரிலும் ஆசிரியராயுள்ள நம் கல்லூரிப் பழைய மாணவர், பொங்கல் விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளியின் தாழ்வாரம் ஒன்றையும் குழாய்நீரையும் நமக்காகக் கேட்டுப் பெற்றுத் தருவாராயின், வரும் தையிலேயே புறப்படலாம்.