கை போகாத இடம்



சென்ற பள்ளி விடுமுறைக்கு முன் எங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பினாங்குக்கு அழைத்துப் போயிருந்தோம். கோலா கங்சாரிலிருந்து விடியற்காலையில் பஸ் புறப்பட்டது. தாய்மார்கள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலங்கள் பட்டர்வொர்த் போய்ச் சேருமுன்பே பாதி காலி!

கார்ன்வாலிஸ் கோட்டையில் ஸ்ரீ ரம்பாய் என்ற பெரிய பீரங்கி இருக்கிறது. 1603-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் வார்த்த வெண்கலப் பீரங்கி. ஜொகூர், அச்சே, சிலாங்கூர் என்று கைமாறி, 1871-இல் ஆங்கிலேயரிடம் சிக்கிப் பினாங்குக்கு வந்து சேர்ந்தது. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் பீரங்கியின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். பள்ளியில் அவனுக்கு 'முரடன்' என்றுதான் பெயர். "சார், கையே போகமாட்டேங்குது. உள்ளுக்கு எப்படி சார் தேய்ச்சிருப்பாங்க?" என்றான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "ஏழாம் வாய்ப்பாடு தெரியாது, இவருக்குப் பீரங்கி வேணுமாம்!" என்றேன். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவன் கையை மெல்ல வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. மாமனோடு சேர்ந்து செம்பனைப் பழம் பொறுக்கப் போகிறான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. அவன் வீட்டுக்குப் போவதென்றால் வெறுங்கையோடு போகக்கூடாது, அவன் கேட்ட கேள்விக்கு விடையோடுதான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பீரங்கியை வார்க்கும்போது அச்சின் நடுவே களிமண் கருவை நிறுத்தி, சுற்றிலும் உலோகத்தை ஊற்றினார்கள். கரு சற்று நகர்ந்தாலும் துளை கோணலாகிவிடும். பிறகு நீண்ட தண்டின் முனையில் வெட்டுக் கத்தியைப் பொருத்தி, உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றிச் செதுக்கினார்கள். 1774-இல் ஜான் வில்கின்சன் என்ற ஆங்கிலேயர், கெட்டியாக வார்த்த இரும்பையே நேராகத் துளைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் துளைத்துக் கொடுத்த உருளை கிடைத்த பிறகுதான் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்தில் ஆவி ஒழுகுவது அடங்கியது. ரயில் ஓடியதற்குப் பின்னால் ஒரு பீரங்கித் துளையும் இருக்கிறது, பாருங்கள்!

துப்பாக்கிக் குழல் இன்னும் நுணுக்கமானது. குழலின் வாய்வழியாகவே மருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டிக்கும் ரைபிள்கள் அன்று இருந்தன. ரைபிள் என்றால் குழலின் உள்ளே திருகுபோல வரிகள் ஓடும். குண்டு அந்த வரியைப் பிடித்துச் சுழன்று போவதால்தான் குறி தப்புவதில்லை. 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிளுக்கு அப்படி மூன்று வரிகள். கரிமருந்து எரிந்தால் குழலுக்குள் கசடு தங்கிவிடும். நாலு முறை சுட்டால் உள்ளே சொரசொரப்பு ஏறி, அடுத்த குண்டு இறங்க மறுக்கும். அதற்காகத்தான் தோட்டாத் தாளில் கொழுப்பைத் தடவினார்கள். அது பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் கிளம்பியது. மே 10-ஆம் தேதி மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். காரணங்கள் வேறு பலவும் இருந்தன. ஆனால் தீப்பொறி விழுந்தது இந்தக் கொழுப்பில்தான். குழல் வழுக்குவதற்கு வழி தேடியவர்கள், அந்தத் தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டிய மனிதனின் மனத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

அதே மாதிரி ரைபிள்களை இன்றும் இத்தாலியில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மேல்நாடுகளில் குறி சுடும் போட்டிக்கு வாங்குகிறார்கள். சில குழல்களில் வெட்டுக் கருவியின் தடம் உள்ளே கரடுமுரடாக நின்றுவிடும். எண்ணெய்த் துணியைத் தண்டில் சுற்றி உள்ளே விட்டால், துணி கிழிந்து நார் நாராக வரும். அதைச் சரிசெய்யும் முறைதான் என்னை வியக்க வைத்தது. அரம் போடுவதில்லை. தண்டின் முனையைக் குழலுக்குள் விட்டு, அதைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றுகிறார்கள். ஈயம் அந்தக் குழலின் வரிகளையே தன் உருவமாக எடுத்துக்கொண்டு உறைகிறது. பிறகு அதில் எண்ணெயும் நைஸான எமரிப் பொடியும் தடவி, முன்னும் பின்னுமாக நிதானமாக இழுக்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். இரும்பைத் தேய்க்க ஈயமா? நகத்தால் கீறினாலே தடம் விழுமே! எங்கள் தோட்டத்துப் பழைய ரப்பர் ஸ்டோரில் முப்பது வருஷம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவரிடம் போய்க் கேட்டேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "துப்பாக்கி எனக்குத் தெரியாது வாத்தியாரே. இஞ்சின் வேலை தெரியும். ரெண்டுக்கும் கணக்கு ஒண்ணுதான். ஈயம் மெத்துன்னு இருக்கிறதாலதான் பொடி அதிலே குத்திக்கிட்டு நிக்கும். தேய்க்கிறது பொடி, வழி காட்டுறது ஈயம். கெட்டி இரும்பை விட்டீங்கன்னா அது தன் இஷ்டத்துக்குக் கீறிட்டுப் போயிடும்."

"எவ்வளவு நேரம் தேய்க்கணும், அண்ணே?"

"கைதான் சொல்லும். இறுக்கமான இடத்திலே தண்டு நிக்கும். அங்கே கொஞ்சம் கூட நேரம் கொடுக்கணும். வழவழன்னு ஓடுச்சுன்னா நிறுத்திடணும்."

அன்று சாயங்காலம் பையனின் வீட்டுக்குப் போனேன். அவன் தகப்பனார் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க, ஐயா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்," என்றார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். உள்ளங்கையெல்லாம் செம்பனை முள் குத்திய காயம்.

"தம்பி, அன்றைக்கு நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குத்தான் விடை தெரியவில்லை. தெரியாததை மறைக்கத்தான் உன்னைக் கேலி செய்தேன். அது என் தப்பு," என்றேன். தகப்பனார் திகைத்துப் போனார். நான் பீரங்கியிலிருந்து ஈயம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். பையன் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவை விட்டு வெளியே வந்தான்.

கடைசியில் கேட்டான்: "ரொம்பத் தேய்ச்சுட்டா என்னா சார் ஆகும்?"

"துளை அகன்றுவிடும். குண்டு வரியைப் பிடிக்காது. போன இரும்பு திரும்ப வராது," என்றேன். சொல்லும்போதே என் குரல் தழுதழுத்தது. எத்தனை பிள்ளைகளை நான் அப்படி ராவியிருப்பேனோ!

பெற்றோர்களே, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாரும் துப்பாக்கி வேலை பழக இதை எழுதவில்லை. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். துப்பாக்கி போலச் செய்த போலிக்கும் அந்தச் சட்டம் உண்டு. பன்றி விரட்ட என்று குழாயை வெட்டித் துப்பாக்கி செய்கிறவன் தன் கையையும் இழப்பான், ஜெயிலுக்கும் போவான்.

நான் எழுதியது பிள்ளைகளுக்காக. பிள்ளையின் மனம் நம் கை போகாத இடம். அங்கே பிரம்பும் போகாது, கேலியும் போகாது; போனால் கீறிவிட்டுத்தான் வரும். முதலில் நாம் உருக வேண்டும். அவனுடைய வரி எப்படி ஓடுகிறதென்று தெரிந்துகொள்ள வேண்டும். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொடி இல்லாமல் ஈயம் மட்டும் தேய்க்காது. ஆனால் அந்தப் பொடியைத் தாங்கிப் பிடிக்க ஒரு மென்மை வேண்டும்.

போன வாரம் ஐந்து நாளில் நான்கு நாள் அவன் பள்ளிக்கு வந்தான். ஏழாம் வாய்ப்பாடு இன்னும் ஏழெட்டு ஐம்பத்தாறில்தான் நிற்கிறது. இறுக்கமான இடம்; அங்கே கொஞ்சம் கூட நேரம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.