விளக்கு ஏந்தும் கைக்குக் கூலி இல்லையா?

உழைப்பவனைப் பாடுவது இன்று நம்மிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வயலை ஆளத் தொடங்கிய பின்னர், மண்வெட்டி பிடித்த கையையும் வரம்பு கட்டிய முதுகையும் போற்றும் இசைப்பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுகின்றன. அவை கமெராவிற் படமாக்கப்பட்டு யூடியூபில் ஏற்றப்படுகின்றன. இலக்கிய மன்றங்களிற் பாராட்டப்படுகின்றன. பாராட்டுவோருள் இக்கட்டுரையாளனும் ஒருவன். உழைப்பின் பெருமையைப் பாடுவது குற்றமன்று. ஆனால், அப்பாடலைப் படமாக்கும்போது வயற்சேற்றில் நின்று இரவு முழுவதும் விளக்கு ஏந்தியவனுக்கு ஒரு சோற்றுப் பார்சலும் ஒரு பிளேன்டீயும் மட்டுமே கொடுத்து அனுப்பிவிட்டு உழைப்பின் பெருமையைப் பாடுவது என்ன நியாயம்? வீரமுனை வட்டையிலே சென்ற விடுமுறையில் நடந்தது இதுதான். பாடலோ நெல் விளைவித்தவன் பட்டினி கிடப்பதைப் பற்றியது.

அந்தப் படப்பிடிப்பிற்கு என் பழைய மாணவன் ஒருவன் ஒளியமைப்பு உதவியாளனாகப் போனான். ஆள் போதாதென்று, "சேர், நீங்களும் வாருங்களேன்" என்று என்னையும் அழைத்தான். போனேன், இரண்டு இரவு நின்றேன். ஆகவே பின்வருவன ஏட்டிற் படித்தவை அல்ல.

ஒளியமைப்பு உதவியாளன் என்றாற் பெரிய பதவிபோலத் தோன்றும். தளத்தில் அவன் பெயர் "லைற் பொடியன்". விளக்குகள், கால்தாங்கிகள், மின்வடச் சுருள்கள் ஆகியவற்றை வாகனத்திலிருந்து இறக்கி, வரம்பு வழியே தலையிலும் தோளிலும் சுமந்து, சொன்ன இடத்தில் நிறுத்துபவன் அவன். பகலில் வெயிலைத் திருப்பி நடிகர் முகத்தில் வீழ்த்தும் பிரதிபலிப்புத் தட்டை அசையாமற் பிடிப்பவனும் அவனே. நடிகருக்கு நிழல் உண்டு. தட்டுப் பிடிப்பவன் சூரியனுக்கு முகங்கொடுத்தே நிற்க வேண்டும். இல்லையேல் வெளிச்சம் சேராது. இரவில் விளக்கின் முன்னே மெல்லொளிக்காக வெள்ளைத் துணிக்கூடு ஒன்றைப் பொருத்துவார்கள். கடற்காற்று அடித்தால் அது பாய்மரம்போல உப்பித் தாங்கியோடு சாயும். அதைத் தடுக்கத் தாங்கியின் காலில் மணல் நிரப்பிய பை போடுவதே முறை. நான் நின்ற தளத்தில் மணற்பை இருக்கவில்லை. மணற்பைக்குப் பதிலாக ஒரு பையன் இருந்தான். 4 மணி நேரம் தாங்கியின் காலைக் கட்டிப்பிடித்தபடி குந்தியிருந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீர் கட்டிய வயல். அதன் ஊடாக 230 வோல்ற் மின்வடம். இணைப்புகள் பொலித்தீன் பையாற் சுற்றப்பட்டிருந்தன. மின் கசிந்தாற் கண நேரத்தில் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அந்த மின்பிறப்பாக்கியோடு பொருத்தப்பட்டிருக்கவில்லை. கேட்டதற்கு, "ஒன்றும் நடக்காது, சேர்" என்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மைதான். ஒன்றும் நடவாத இரவுகளின் கணக்கைக் காட்டித்தானே உலகெங்கும் தொழிலாளரைச் சாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்!

அதிகாலை 4 மணிக்கு வேலை முடிந்தது. பையன்கள் மூவர் ஒரு மோட்டார் சைக்கிளிற் கல்முனைக்குப் புறப்பட்டார்கள். ஓட்டியவனின் கண்கள் செருகிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டில், 19 மணி நேரம் படப்பிடிப்பில் வேலைசெய்துவிட்டுக் காரோட்டி வீடு திரும்பிய துணைக் கமெராக்காரர் ஒருவர் வழியிலேயே உறங்கி விபத்தில் மாண்டார். பெயர்பெற்ற ஒளிப்பதிவாளரும் இடதுசாரியுமான ஹஸ்கல் வெக்ஸ்லர் அச்சாவை விதியென்று விட்டுவிடவில்லை. நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, அடுத்த வேலைக்குமுன் 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். உறக்கம் யாருக்குத் தேவை என்னும் பொருள்படத் தலைப்பிட்டு 2006இல் ஓர் ஆவணப்படமும் எடுத்தார். கோடிக்கணக்கான டொலர் புரளும் ஹொலிவூட்டிலேயே இந்நிலை என்றால், ஒப்பந்தமும் இல்லாத நமது தளங்களைப் பற்றி என்ன சொல்வது!

தொலைதூரம் போக வேண்டியதில்லை. நாம் நாள்தோறும் பார்த்து மகிழும் சென்னைத் திரைப்படத்தையே எடுத்துக்கொள்வோம். 2020 பெப்ரவரி 19ஆம் நாள் இரவு, சென்னைக்கு அண்மையிலுள்ள ஈ.வி.பி. படப்பிடிப்புத் தளத்தில், 'இந்தியன் 2' படத்துக்காகப் பாரமான விளக்குகளை ஏந்திநின்ற பாரந்தூக்கி சரிந்து வீழ்ந்து 3 பேர் மாண்டனர். வேறு சிலர் காயமுற்றனர். 2023 சனவரியில் லைட்மேன் ஒருவர் படப்பிடிப்புத் தளமொன்றில் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். அவ்வாண்டு மார்ச்சில் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் லைட்மேன்களுக்கு நிதி திரட்டச் சென்னையில் ஓர் இசைநிகழ்ச்சி நடத்தினார். அவரது நோக்கத்தை நான் ஐயுறவில்லை. அவர்களை நினைத்த ஒருவராவது இருந்தாரே என்று மகிழ்கிறேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அப்படியே இருக்கிறது. நூறாண்டைக் கடந்த ஒரு தொழிலில், அதற்கு ஒளி தருபவனின் குடும்பம் ஒரு கலைஞரின் இரக்கத்தை எதிர்நோக்கி நிற்பது ஏன்? இரக்கம் வரும் ஆண்டில் வரும், வராத ஆண்டில் வராது. காப்புறுதி அப்படியன்று.

சென்னைத் தொழிலாளருக்கு ஒன்று உண்டு, நமக்கு இல்லை. அது சங்கம். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமாகிய பெப்சியின் குறைகளைப் பற்றி நெடுநேரம் பேசலாம். ஆயினும் ஒரு லைட்மேனின் நாட்கூலி இன்னதென்று பேசி முடிவுகட்ட ஓர் இடம் அங்கே இருக்கிறது. அவ்விடம் தானாக முளைத்ததன்று. அத்தொழிற்சங்க இயக்கத்துக்கு அடியிட்டோருள் முதன்மையானவர்கள் நிமாய் கோஷும் எம். பி. சீனிவாசனும் ஆவர். நிமாய் கோஷ் வங்கத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர், சீனிவாசன் இசையமைப்பாளர், இருவரும் பொதுவுடைமைக் கொள்கையினர். 1960இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கியவர் முன்னவர். அதற்கு இசை தந்தவர் பின்னவர். தொழிலாளியைப் பற்றிப் படமெடுத்தவர்களே படமெடுக்கும் தொழிலாளிக்குச் சங்கமும் அமைத்தார்கள். திரையிலே ஒரு நீதி, திரைக்குப் பின்னே வேறு நீதி என்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. அப்படம் வணிகத்தில் வெற்றிபெறவில்லை என்பர். பெறாவிட்டால் என்ன? சங்கம் நின்றது.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே கூலி கேட்டவனுக்குக் கிடைக்கும் முதல் விடை, "மச்சான், இது நட்புக்காகச் செய்வது" என்பது. இந்த விடை நமக்குப் புதியதன்று. மட்டக்களப்புத் தமிழகத்திலே போடியாருக்கும் வயற்காரனுக்கும் இடையே நிலவிய உறவு என்ன? போடியார் வயற்காரன் வீட்டுக் கலியாணத்துக்கு நெல் அனுப்புவார். வயற்காரன் போடியார் வீட்டு வேலிக்குக் கம்பு வெட்டுவான். அதற்குப் பெயர் உறவு, உரிமை, ஒத்தாசை. சூடு மிதித்து நெல் அளக்கும் நாளிலேதான் அவ்வுறவின் உண்மை வடிவம் தெரியும். கடன் கழித்து மிஞ்சியது எத்தனை மரைக்கால் என்று வயற்காரனின் மனைவி அறிவாள். அந்த உறவுக்கு உள்ளே சட்டம் நுழைய வேண்டும் என்றுதான் 1958ஆம் ஆண்டில் பிலிப் குணவர்த்தன நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குடிவாரக்காரனுக்குப் பாதுகாப்புக் கொடுத்தால் நல்லுறவு கெட்டுவிடும் என்று அன்றும் சொன்னார்கள். இன்று அதே சொல்லை, அப்போடியார்களைப் பழித்துப் பாட்டெழுதும் இளைஞர்களின் வாயிலிருந்து கேட்கிறேன்.

அடுத்த விடை, "பணம் இல்லை" என்பது. இதைப் பொய்யென்று சொல்லமாட்டேன். நம் பிரதேசத்துப் பாடல்கள் போட்ட காசை மீட்பதே அரிது. பலர் கடன்பட்டும் நகை அடகுவைத்தும் எடுக்கிறார்கள். ஆயினும் செலவுக் கணக்கை ஒருமுறை விரித்துப் பாருங்கள். கமெராவுக்கு நாள் வாடகை உண்டு. ட்ரோனுக்கு வாடகை உண்டு. முற்பணம் இல்லாமல் அது பெட்டியிலிருந்து வெளியே வராது. மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் உண்டு. எரிபொருள் தீர்ந்தால் அது நின்றுவிடும், நட்புக்காக ஓடாது. விளக்குக்கும் வாடகை உண்டு. உடைந்தால் நட்டஈடும் உண்டு. அந்த விளக்கைப் பிடித்திருக்கும் மனிதன் ஒருவனுக்குத்தான் வாடகையும் இல்லை, நட்டஈடும் இல்லை. இயந்திரங்களுக்கெல்லாம் கொடுத்து முடிந்த பின்னர் இல்லாமற்போகும் பணம், மனிதனுக்கு முதலிற் கொடுத்திருந்தால் ட்ரோனுக்கு இல்லாமற் போயிருக்கும். வானத்திலிருந்து வயலைக் காட்டாமல் தரையில் நின்று காட்டியிருந்தால் பாடல் செத்தா போயிருக்கும்?

"அவன் தொழில் கற்கிறான்" என்பாரும் உளர். இதைச் சொல்பவர்களிற் பலர் ஆசிரியர்களாக இருப்பதுதான் எனக்கு வியப்பு. 2017இல் கிழக்கு மாகாணத்துப் பட்டதாரிகள் வேலைகேட்டு மாதக்கணக்கில் வீதியோரம் அமர்ந்திருந்தோமே, அப்போது எவராவது வந்து, சம்பளமின்றிப் படிப்பித்து அனுபவம் பெறுங்கள் என்று சொல்லியிருந்தால் எப்படிக் கொதித்திருப்போம்! 2021இல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி நாடெங்கும் ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலை 3 மாதங்களுக்கு மேலாக நிறுத்தினோம். கல்வி புனிதமானது, சேவைக்குச் சம்பளம் பேசலாமா என்று கேட்டவர்களுக்குப் புனிதத்தாற் பிள்ளையின் பால்மா வாங்க முடியாதென்று சரியாகவே விடையளித்தோம். நமக்குப் பொருந்திய அந்த விடை நம்மிடம் படித்த பையனுக்குப் பொருந்தாதா?

நான்காவது விடை ஒன்றிருக்கிறது. அதைக் கையாளத் தயக்கமாயிருக்கிறது. நான் சொன்ன தளத்தில் வீரமுனைத் தமிழ்ப் பையன்களும் சம்மாந்துறை, கல்முனை முஸ்லிம் பையன்களும் ஒரே வடத்தைச் சுருட்டினார்கள். ஒரே பார்சலைப் பிரித்து உண்டார்கள். 1990ஆம் ஆண்டில் இவ்வூர்ப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தோர் கொல்லப்பட்டதையும், அக்காலத்தில் இரு சமூகத்தாரும் பட்ட துயரையும் அறிந்தவர்களுக்கு அக்காட்சியின் பெறுமதி தெரியும். அதனாற்றான், கூலியைப் பற்றி ஒரு பையன் வாய் திறந்தபோது, "தம்பி, ஒற்றுமையாய் வேலைசெய்கிற இடம், காசுக் கதை எடுத்துக் குழப்பாதே" என்று அடக்கினார்கள். ஒற்றுமையின் பெயரைச் சொல்லி உழைப்பை இனாமாகப் பெறுவதைவிட ஒற்றுமைக்குக் கேடு வேறில்லை. இராசனும் றிஸ்வானும் என்று பெயர்களை மாற்றிச் சொல்கிறேன், அவ்விருவரும் அன்று விடியற்புறம் என்னிடம் சொன்ன முறைப்பாடு ஒன்றேதான். ஒரு சொல்லும் வேறுபடவில்லை. அந்த ஒற்றுமை தயாரிப்பாளருக்கு உவப்பாயிராதுதான்.

பாட்டுக்கும் பாட்டை உருவாக்கியவனுக்கும் உள்ள உறவு பெரிய இடங்களிலும் இப்படித்தான் இருக்கிறது. 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' நிலமற்ற உழைப்பாளரின் பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் பேரனாகிய அறிவு அதன் பாடகருள் ஒருவர். அதே ஆண்டு ஓர் இசைச் சஞ்சிகையின் அட்டையில் அவர் படம் இல்லை. 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோது மேடையில் அவர் இல்லை. 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே, தமக்கு அப்பாடலால் எந்த வருவாயும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பார்த்த பாடலிலே பாடியவனுக்கும் இசைத்தவனுக்கும் இந்நிலை என்றால், அதில் விளக்குப் பிடித்தவனின் பெயரை யார் தேடுவார்?

பெயர் என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டு முற்போக்கு எழுத்தாளர், உழைக்கும் மக்களின் பேச்சு மொழி இலக்கியத்தில் இடம்பெற வேண்டுமென்று வாதாடியபோது, பண்டிதர்கள் அதை இழிசனர் வழக்கென்று ஒதுக்கினர். அவ்வாதத்தில் வென்றோம். அவர்களின் மொழி வந்தது, வாழ்க்கை வந்தது, வியர்வையும் வந்தது. வீரமுனை வட்டையில் எடுத்த பாடலின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலை இருமுறை நிறுத்திப் படித்தேன். உணவு வழங்கிய கடையின் பெயர் இருக்கிறது. ட்ரோன் வாடகைக்குக் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. விளக்குப் பிடித்த 5 பேரில் ஒருவர் பெயரும் இல்லை.

நாடகக்காரர் பிரெக்ட் தம் மேடையில் விளக்குகளை மறைக்காமற் பார்ப்போர் கண்ணிற் படும்படி தொங்கவிட்டார். ஒளி தெய்வச் செயலன்று, செய்யப்படும் வேலை என்று காண்போர் அறியட்டும் என்பது அவர் கருத்து. நாம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதலாமே! இன்ன நாள், இன்ன நேரம் தொடங்கி இன்ன நேரம் வரை, இன்ன கூலி. நள்ளிரவு கடந்தால் வாகனத்தில் வீடு சேர்ப்பது எடுப்பவர் பொறுப்பு. ட்ரிப் சுவிட்ச் இல்லாத மின்பிறப்பாக்கி வயலில் இறங்காது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் நம் நாட்டுக்கு உண்டு. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில் எடுப்பவர் முதலாளியே அல்லர், நண்பர். பிடிப்பவன் தொழிலாளியே அல்லன், வேடிக்கை பார்க்க வந்தவன். அடிபட்ட பின்னர் எந்தச் சட்டத்தை எவர்மேல் ஏவுவது?

அடுத்த மாதம் நமது பிரதேசத்து இலக்கிய மன்றமொன்றில் இப்பாடல் திரையிடப்பட இருக்கிறது. பாராட்டுரை வழங்கும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். போவேன். பாடலின் சொல்லும் இசையும் நன்றாயிருக்கின்றன, அதைச் சொல்வேன். பிறகு, அந்த 5 பேரையும் முன்வரிசையில் இருத்தி, இவர்களுக்கு இன்னும் கொடுபடாத 2 இரவுக் கூலி எவ்வளவு என்று எடுத்தவரைக் கேட்பேன்.