மூலத்தருகே ஒரு கருந்துளை

பத்தாம் வகுப்பு மாணவி

"ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேளாதவர் நம்மில் யாருமிலர். மூல நட்சத்திரத்தில் பிறந்தவள் என்ற ஒரே காரணத்தால், வந்த வரன் திரும்பிப் போய்க் கண்ணீர் வடித்த அக்காமார்கள் நம் தெருக்களிலும் உண்டு. ஆனால் அந்த மூலம் வானில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கை நீட்டிக் காட்டத்தான் ஆளில்லை! பாராத ஒன்றுக்கு அஞ்சுவதைவிட, அதைப் பார்த்து அறிவதே மேல் என்பது எங்கள் கருத்து.

தேளின் கொடுக்கைப் போல் வளைந்து நிற்கும் விண்மீன் கூட்டமே மூலம். அதற்குக் கிழக்கே இருப்பது பூராடம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட திசையில், ஏறத்தாழ 26,000 ஒளி ஆண்டுத் தொலைவில், நமது பால்வீதியின் மையம் இருக்கிறது. அங்கே நாற்பது லட்சம் சூரியன்களுக்கும் மேற்பட்ட எடையுடைய கருந்துளை ஒன்று உள்ளது. ஒளியையே விழுங்கிவிடும் ஒன்றை எவ்வாறு காண்பது? இருட்டில் செக்கு தெரியாவிட்டாலும், மாடு சுற்றும் வட்டத்தைக் கொண்டு நடுவே செக்கு இருப்பதை அறியலாம் அல்லவா? அது போலவே, கருந்துளையைச் சுற்றியோடும் விண்மீன்களைக் கவனித்து அறிஞர்கள் அதை அறிந்தனர்.

சிலி நாட்டிலிருந்து ரைன்ஹார்ட் கென்சல் என்பவரின் குழுவும், ஹவாய்த் தீவின் மலையுச்சியிலிருந்து ஆண்ட்ரியா கெஸ் என்னும் பெண்மணியின் குழுவும் 1990-களில் இப்பணியைத் தொடங்கின. இடையே உள்ள தூசி கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மறைத்துவிடுவதால், தூசியை ஊடுருவி வரும் அகச்சிவப்புக் கதிர்களில் படமெடுத்தனர். காற்றின் அசைவால் படம் கலங்காதிருக்க, நொடிக்குப் பல நூறு முறை வடிவத்தை மாற்றிக்கொள்ளும் கண்ணாடிகளையும் பயன்படுத்தினர்.

ஆயினும் இப்பணியில் கருவியைப் போலவே திட்டமும் பெரிது. மார்கழியில் சூரியனே அத்திசையில் நிற்பதால் அப்போது ஒன்றும் காண முடியாது. பெரிய தொலைநோக்கிகளுக்குப் போட்டி மிகுதி. பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்து, கிடைக்கும் சில இரவுகளை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விண்மீன் யாருக்காகவும் காத்திராது. எஸ்-2 என்னும் விண்மீன் கருந்துளையை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஆகின்றன. அது 2002-இல் மிக அருகே வந்து சென்றது. அடுத்த வருகை 2018-இல் என்று கணக்கிட்டவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. 8.2 மீட்டர் விட்டமுள்ள நான்கு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாக்கும் கருவியை உருவாக்கி, ஆயத்தமாக நின்றனர். 2018 மே 19-ஆம் நாள் அவ்விண்மீன் நொடிக்கு ஏறத்தாழ 7,700 கிலோமீட்டர் வேகத்தில் கருந்துளையை நெருங்கிக் கடந்தது. ஐன்ஸ்டைனின் கொள்கைப்படியே அதன் ஒளி சிவப்பை நோக்கி நகர்ந்ததை அளந்தறிந்தனர். 2020-இல் இயற்பியல் நோபல் பரிசில் கென்சலும் கெஸ் அம்மையாரும் பங்கு பெற்றனர். அத்துறையில் அப்பரிசைப் பெற்ற நான்காவது பெண்மணி அவர்.

தோழியரே, சற்று எண்ணிப் பாருங்கள். எந்தத் திசையைக் காட்டி இங்கே பெண்ணுக்கு ஆகாது என்கிறார்களோ, அதே திசையை இரவிரவாக நோக்கி ஒரு பெண் உலகப் புகழ் பெற்றார்! பஞ்சாங்கமும் கணக்குத்தான், வானநூலாரின் அட்டவணையும் கணக்குத்தான். நட்சத்திரம் எப்போது வரும் என்று கணக்கிடுவது அறிவு. அது யாரைக் கெடுக்கும் என்று பயப்படுவது அறியாமை.

வானத்தில் நமக்குக் குறையில்லை. பால்வீதியின் மையம் ஹவாயில் ஏறுவதைவிட மதுரை வானில் உயரமாகவே ஏறுகிறது. நமக்கு அருகிலுள்ள கொடைக்கானலில் 1901 முதல் சூரியனை ஆராய்ந்து வருகிறார்கள். காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. குறையெல்லாம் நம் வீட்டு வாசற்படியில்தான் இருக்கிறது. "பெண் பிள்ளைக்கு இரவில் மொட்டை மாடியில் என்ன வேலை?" என்ற கேள்வியிலேயே எங்கள் வானநூல் பாடம் முடிந்துவிடுகிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரைப் பெண்கள் விடிய விடிய வைகைக்கரையில் விழித்திருக்கவில்லையா? அன்று தவறில்லை என்றால், மற்றோர் இரவில் மட்டும் அது எவ்வாறு தவறாகும்?

ஆகையால் பெற்றோர்க்கும், அன்புள்ள சகோதரிகளுக்கும் எங்கள் வேண்டுகோள் இது. ஆடி, ஆவணி மாதங்களில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கே மூலமும் பூராடமும் தெற்கு வானில் நன்கு தெரியும். அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், நகர விளக்குகளைக் கடந்து, மேலூர்ப் பக்கத்து வயல்வெளிக்கு எங்களை அழைத்துச் செல்லுங்கள். உடன் நீங்களும் வாருங்கள். எஸ்-2 நம் கண்ணுக்குத் தெரியாது, கருந்துளையும் தெரியாது. ஆயினும் அத்திசையை அச்சமின்றிக் காணக் கற்றுக்கொள்வோம்.

எஸ்-2 மீண்டும் கருந்துளையை நெருங்கும் ஆண்டு 2034. அப்போது நாங்கள் இருபது வயதைக் கடந்திருப்போம். அந்த இரவுகளுக்கான திட்டம் வகுப்போரில் மதுரைப் பெண் ஒருத்தியும் இருக்க வேண்டும். அவள் மூலத்தில் பிறந்தவளாயின் இன்னும் மகிழ்வோம்!