காணாமற்போன பத்தாம் நம்பர்

எனது பழைய ரொயோட்டா காரின் முன்பக்கத்தில், வீதியின் மேடுபள்ளங்களைக் கடக்கும்போதெல்லாம் ஏதோவொன்று கிலுங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரங்கள் பொறுத்துப் பார்த்தேன். பின்னர் ஒரு ஞாயிறு காலை, வீட்டு வாசலில் வைத்தே பொனற்றைத் திறந்து ரோர்ச் அடித்துத் தேடினேன். பற்றரியின் கீழே, கை நுழையச் சிரமப்படும் ஓரிடத்தில், விரல்நுனி அளவு இரும்புக் குழல் ஒன்று அகப்பட்டது. 10 மில்லிமீற்றர் சொக்கட். கராஜ்காரர்கள் 'பத்தாம் நம்பர்' என்று சொல்வது இதைத்தான்.

அந்தச் சொக்கட்டை எனக்குத் தெரியும். கொழும்பின் புறநகரிலுள்ள கராஜ் ஒன்றில் எனது கார் நின்ற மாலையில், இதற்காக ஒரு பொடியன் ஏச்சு வாங்கியதை மின்விசிறியின் கீழ் பத்திரிகை விரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

மலையகத்திலிருந்து வேலை பழக வந்தவன். பதினெட்டு வயது இருக்கலாம். "இவங்களை நம்பி ஒரு சாமான் வைக்க ஏலாது, ஐயா. புது செற் வாங்கினா ஆறு மாசத்தில பத்தாம் நம்பர் இராது. கொண்டுபோய் வித்துப்போடுறாங்கள்" என்று முதலாளி என்னிடம் முறையிட்டார். அதன் விலையை அந்த வாரச் சம்பளத்தில் பிடிக்கப்போவதாகவும் சொன்னார். பொடியன் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

முதலாளியை நான் கொடியவர் என்று சொல்லவரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழிவிடப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் நாட்டின் பழைய வாகனங்களை ஓடவைத்தவர்கள் இவரைப் போன்றவர்களே. உழைத்த காசில் அவர் ஆசையாக வாங்கியிருந்த பொருள், சில்லுப் பூட்டிய ஏழு லாச்சிக் கருவி வண்டி. சிவப்பு நிறம். வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வாசலருகே நிறுத்தியிருந்தார். ஆனால் மேல் லாச்சியை அவர் இழுத்தபோது உள்ளே தெரிந்தது ஒரு குவியல். சொக்கட், ஸ்பனர், குறடு, துருப்பிடித்த ஆணி, யாரோ ஒருவரின் பற்றுச்சீட்டு.

குவியலுக்குள் ஒரு பொருள் இல்லை என்பதை யாராலும் காணமுடியாது. தேவைப்படும் வேளையில் கையில் அகப்படாதபோதுதான் தெரியவரும். அதற்குள் அது தொலைந்து எத்தனை நாளோ, எத்தனை வாகனங்கள் வெளியேறிவிட்டனவோ. அப்போது பழிசுமத்த எஞ்சியிருப்பவன் அங்குள்ளவர்களில் மிகச் சிறியவன். கருவிகளை ஒழுங்குபடுத்துவதை அழகு பார்க்கும் வேலையாகவும், முதலாளியின் சொத்தைக் காக்கும் வேலையாகவுமே நம்மவர்கள் கருதுகிறார்கள். அது முதலில் அந்தச் சிறியவனுக்குரிய சாட்சி என்பதே எனது கருத்து.

கலைப்பட்டதாரியான எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பாரமானவை அடி லாச்சிக்குப் போகவேண்டும். மேலே பாரத்தை ஏற்றி இரண்டு மூன்று லாச்சிகளை ஒன்றாக இழுத்தால் வண்டியே முன்னுக்குக் கவிழும். ஜப்பானிய வாகனங்களின் மரையாணித் தலைகள் பெரும்பாலும் 10, 12, 14, 17, 19 என்ற அளவுகளில் வருபவை. நமது வீதிகளில் ஓடுபவற்றில் அதிகமானவை அவையே. ஆகவே அந்த ஐந்தும் மேல் லாச்சியின் முன்வரிசையில் இருக்கவேண்டும். ஐரோப்பிய வாகனங்களுக்கு வேண்டிய 13, 16, 18 பின்வரிசைக்குப் போகலாம்.

அங்குல அளவுகளுக்குத் தனி லாச்சி அவசியம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். அதில் 13ஐக் கொழுவினால் பிடித்ததுபோலத் தோன்றும். இறுக்கத்தில் வழுக்கித் தலையை மழுக்கிவிடும். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைத் திருத்தியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவிலேயே வெட்டிய குழி. வெளிநாடுகளில் இரண்டு நிறப் பஞ்சுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வெட்டுகிறார்கள். கருவி இல்லாத குழியில் அடித்தகட்டின் மஞ்சளோ சிவப்போ பளிச்சென்று தெரியும். நமக்கு ரெஜிபோம் துண்டும் பெயின்றும் போதும். மாலையில் எல்லா லாச்சிகளையும் இழுத்துப் பார்க்க இரண்டு நிமிடம். குழி வெறுமையாக இருந்தால் எந்த வாகனமும் வெளியே போகக்கூடாது.

விமானத் தொழிலில் இதுவே விதி. அங்கும் அது தவறியதுண்டு. 2023 டிசெம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸில் குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானமொன்றைப் பரிசோதித்தபோது, 1.25 மீற்றர் நீளமான நைலோன் கருவி இயந்திரத்துக்குள்ளேயே விடுபட்டுப்போனது. 34 பறப்புகள், ஏறத்தாழ 300 மணித்தியாலங்கள் கழிந்து, அடுத்த பராமரிப்பின்போதே கண்டெடுக்கப்பட்டது. 2024 நவம்பரில் வெளியான அவுஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகத்தின் அறிக்கை, தொலைந்த கருவிக்கான நடைமுறையை உரிய வேளையில் தொடங்காமல் விமானத்தை விடுவித்ததைச் சுட்டிக்காட்டியது. யார் திருடினார் என்ற கேள்வி அங்கு எழவேயில்லை.

எனக்கு இது விளங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பத்திரிகைக்கு வந்தபோது, ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் முற்றாக மறைந்திருக்கவில்லை. அச்சுக்கோப்பாளரின் கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கை தானாகவே அந்தந்த அறைக்குப் போகும். அச்சடித்து முடிந்தபின் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் இடுவது வேலை பழகும் பொடியனின் பொறுப்பு. 'ர'வின் அறையில் 'ற' விழுந்தால் மறுநாள் தலைப்பே கெடும். கெட்டதும் உண்டு. அப்போது எங்கள் மூத்த அச்சுக்கோப்பாளர் பொடியனைக் கூப்பிடுவதற்கு முன்னர் அறையைத் துழாவிப் பார்ப்பார். பல தடவை பிழை அவருடையதாகவே இருந்தது. அதை உரக்கச் சொல்லியும்விடுவார்.

திங்கட்கிழமை சொக்கட்டை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். பற்றரி மாற்றியது முதலாளிதான் என்பதும் வழியிலேயே நினைவுக்கு வந்தது. பொடியனைக் கேட்டேன். "அவன் அடுத்த கிழமையே நிண்டிட்டான், ஐயா" என்றார். பிடித்த காசை அனுப்ப வழியுண்டா என்றதற்கு, தொலைபேசி இலக்கம் தன்னிடம் இல்லையென்றார். வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். தேநீர் வரவழைத்தார். பிறகு சொக்கட்டைத் துணியால் துடைத்து, மேல் லாச்சியை இழுத்து, குவியலுக்குள் போட்டு மூடினார்.